பேர் பறங்கியுடையது, சாமான் எங்களுடையது

நேற்று ஆங்கில அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்த என் மகள், "அம்மா, சாதிக்குச் சொல்லுற காஸ்ட் எண்ட இங்கிலீசுச் சொல்லு போர்த்துக்கேயரிட்ட இருந்து வந்ததாம், தெரியுமோ?" என்றாள். தெரியும் என்றேன். ஆர் சொன்னது என்று கேட்டாள். சிநேகிதி, உன் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன், அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் இப்படிப் படுத்துகிறாயே, மகராசி.

மல்லாவியில் புளியமரத்தடியில் நம் வகுப்புகள் பக்கத்துப் பக்கத்தில் நடந்தன. நீ சண்டையால் பளையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஆங்கில ஆசிரியை. நான் சின்ன வகுப்புக்குத் தொண்டர் ஆசிரியை. இனக்கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்தவர்களின் மகள். உனக்குப் பெரிய குரல். நீ படிப்பிக்கத் தொடங்கினால் என் பிள்ளைகளும் கணக்கை விட்டுவிட்டு உன்னைத்தான் கேட்கும்.

அன்றைக்குப் பாடத்தில் அந்தச் சொல் வந்தது. காஸ்டா என்றால் போர்த்துக்கேய மொழியில் குலம், வம்சம் என்றாய். "கதிரை, அலுமாரி எண்ட சொல்லுகளை எங்களுக்குத் தந்த பறங்கிதான் இந்தச் சொல்லை இங்கிலீசுக்காரனுக்குக் குடுத்தவன்."

"அப்ப சாதியையும் பறங்கியோ கொண்டுவந்தவன், ரீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

"பேர்தான் அவன்ர. சாமான் எங்கட," என்றாய். சாதி என்ற நம் சொல் வடமொழியிலிருந்து வந்தது, பிறப்பு என்று பொருள் என்றும் சொன்னாய். "பிறப்போட வந்தது, செத்தாத்தான் போகும்." மரத்தடி முழுக்கச் சிரித்தது.

மத்தியானத்தில் மற்ற ஆசிரியைகள் என்னைவிட்டுத் தள்ளியிருந்து சாப்பிடுவார்கள். நீ உன் புட்டை என் பக்கம் தள்ளிவிட்டு என் ரொட்டியைப் பிய்த்துக்கொள்வாய். எங்கள் வீட்டுக்கு வந்தால் நேரே குசினிக்குள் போய் அடுப்படியில் குந்திவிடுவாய். அம்மாவுக்குத்தான் பயம்.

"ஒங்க வீட்ல தெரிஞ்சா என்னா சொல்வாங்களோ, புள்ள."

"தெரியட்டும் அம்மா. நீங்கள் இன்னொரு ரொட்டி போடுங்கோ."

மருந்து கிடைக்காத காலத்தில் மலேரியா உன்னைக் கொண்டுபோனது. செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலவர்தான் சமைத்துக் கொண்டுபோக வேண்டும். நானும் அம்மாவும் சோறும் பருப்பும் ஆக்கிக்கொண்டு வந்தோம். வாசல் படலையிலேயே உன் பெரியம்மா மறித்தார். குரலில் கோபம்கூட இல்லை.

"உங்களுக்கு ஏன் பிள்ளை கரைச்சல்? எங்கட ஆக்கள் கொண்டு வருவினம்."

எட்டிப் பார்த்தேன். உன் கால்கள் மட்டும் தெரிந்தன. செத்தால் போகும் என்றாயே, போகவில்லையடி. நீ உள்ளே கிடக்க, அது படலையில் நின்று எங்களைத் திருப்பி அனுப்பியது. எனக்கு அவமானத்தைவிட, உன்னைக் கிட்டப் பார்க்க முடியவில்லையே என்பதுதான் பெரிய துக்கம்.

அந்தச் சோற்றை எங்களால் தின்ன முடியவில்லை, மாட்டுக்கு வைத்தோம். மறுநாள் அம்மா அடுப்பு மூட்டவில்லை. வீட்டில் புகை எழாததைக் கண்டு பக்கத்துக் கொட்டில் வீட்டு அக்கா ஒரு சட்டி கஞ்சியோடு வந்தாள்.

"யாரு செத்தது? ஒங்க சொந்தமா?"

"ஆமா," என்றாள் அம்மா. "எங்க வீட்டுச் சாவு."

அழுதழுது அந்தக் கஞ்சியைக் குடித்தேன். கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று இன்றைக்கும் யாராவது கேட்பார்கள். ஒருத்தி இருந்தாள், செத்துவிட்டாள் என்றுதான் சொல்கிறேன்.