சூடு மிதித்த களத்தில் நான் சொன்ன பெயர்

என் செல்லத் தம்பி ராசனுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், மறைக்கவும் மாட்டேன். இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போவதும் இல்லை; நம் ஊர் முரசுமோட்டையில் வாசிக்கத் தெரிந்த எல்லோரும் வாசிக்கட்டும். உனக்கு வந்தது புற்றுநோய். பார், எழுதிவிட்டேன். கூரை இடிந்து விழவில்லை.

நீ போன பிறகும் வீட்டில் அந்தப் பெயரை ஒருவரும் சொல்வதில்லை. அம்மா "அந்த வருத்தம்" என்பார். அப்பா அதுவும் சொல்ல மாட்டார். யாராவது உன்னைப் பற்றிக் கதை எடுத்தால் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்குப் போய்விடுவார்.

உன் கெண்டைக்காலில் அந்தக் கட்டி முதலில் எவ்வளவு சிறிதாக இருந்தது! நோகவே இல்லை என்றாய். நோகாததால்தான் எல்லோரும் ஏமாந்தோம். வரம்பில் விழுந்த சுளுக்கு என்றார் நாட்டு வைத்தியர் பரியாரியார். அப்பா எண்ணெய் போட்டு உருவினார், பத்துப் போட்டார். கட்டி வளர்ந்துகொண்டே போனது. நீயோ சிரித்தாய்.

"அக்கா, என்ர காலும் களம்தான். பொலி பொலி எண்டு பெருகுது, பாரன்!"

களத்தின் வழக்கத்தை வைத்து நீ அடித்த பகிடி அது. யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்த நம் ஆட்கள் இங்கத்தைய பழைய ஆட்களிடம் பழகிய வழக்கம். எருமைகள் சூடு மிதித்துக் கதிரிலிருந்து நெல்லைப் பிரிக்கும்போது களத்தில் "இல்லை" என்று சொல்லக்கூடாது. "முடிஞ்சுது" என்று சொல்லக்கூடாது. நோயின் பெயரையோ சாவின் பெயரையோ வாயில் எடுக்கவே கூடாது. எடுத்தால் நெல் குறைந்துபோகுமாம். "பொலி, பொலி" என்று கூவ வேண்டும். களத்தோடு நின்றிருக்க வேண்டிய அந்த வழக்கம் எப்போது நம் வீட்டுக் குசினிக்குள்ளும் வந்து குந்தியது, ராசன்?

பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு உன்னைக் கொண்டுபோனபோது கட்டி தேங்காய்ப் பாதி அளவு. காலை எடுத்தார்கள். கொழும்புக்கு அனுப்பிக் கதிர்வீச்சுப் பிடித்தார்கள். நீ தடியை ஊன்றிப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய அடுத்த மாரியில் இருமல் வந்தது. அப்போது டாக்டர் அம்மா எனக்கு எல்லாம் சொன்னார். நான் கேட்டேன், அதனால் சொன்னார்.

"இது தசையில வாற புற்றுநோய், பிள்ளை. சின்னப் பிள்ளையளுக்கும் வரும். சிறிசா இருக்கேக்க முழுசா வெட்டி எடுத்தால் சில பேர் தப்புவினம். தப்பினாலும் திரும்பி வரலாம், பாத்துக்கொண்டே இருக்கவேணும். தம்பிக்கு நெஞ்சுக்குள்ள போயிட்டுது."

சில பேர். அந்தச் சொல்லை நான் விடவே இல்லை. உனக்கு அது உதவவில்லை. ஆனால் அது பொய்யும் இல்லை.

இனி ஊர்ப் புதினம் கேள். பக்கத்துக் காணிப் பாக்கியம் மாமியின் மகள் தவத்தைத் தெரியும்தானே, உன் தடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிற குட்டிப் பிசாசு? போன மாதம் அவளுக்குத் தலை இழுத்து வாரிவிடும்போது தோளுக்குக் கீழே என் கையில் ஏதோ உருண்டது. பாக்களவு.

"நோகுதோ, தவம்?"

"இல்லையே, அக்கா."

மாமியிடம் ஓடினேன். "அது நெறி கட்டினதுதான், பிள்ளை. சூடு முடியட்டும், பரியாரியிட்ட உருவுவிப்பம்" என்றார். நான் அங்கே நிற்கவில்லை. நேரே களத்துக்குப் போனேன். எருமைகள் சுற்றிக்கொண்டிருந்தன. சூடு மிதிக்கையில் பெண்கள் இறங்காத களத்துக்குள் நான் இறங்கினேன்.

"மாமா, தவத்தின்ர கையை உருவ விடாதேங்கோ. அது புற்றுநோயாயும் இருக்கலாம். இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ."

"பொலி" நின்றுபோனது. தவத்தின் தகப்பன் கந்தையா மாமாவின் முகம் கறுத்தது.

"எடியே, களத்துக்க நிண்டு என்ன கதை கதைக்கிறாய்? போய் வாயைக் கழுவு!"

"ரெண்டு புத்தகம் படிச்சவுடன டாக்குத்தராயிட்டா!" என்றார் வைக்கோல் இழுத்துக்கொண்டிருந்த ஒருவர். சிலர் சிரித்தார்கள். நான் அசையவில்லை.

அப்போது அப்பா எருமைக் கயிற்றை விட்டுவிட்டு முன்னால் வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"கந்தையா, நான் உருவினனான்" என்றார். "பொழுதுபட்டால் என்ர கையாலதான் உருவினனான். இப்ப என்ர பெடியன் இல்லை." மறுபடியும் சத்தமாகச் சொன்னார்: "இல்லை. களத்துக்க நிண்டுதான் சொல்லுறன். நீ வண்டியைப் பூட்டு."

மாமா கையிலிருந்த கம்பைக் கீழே போட்டார்.

முதலில் சதைத் துண்டு எடுத்துப் பார்த்துவிட்டு, நேற்றுத் தவத்தின் கட்டியை வெட்டி எடுத்தார்கள். அதே டாக்டர் அம்மாதான். புற்றுநோய்தான் என்றார். முழுதாக வந்துவிட்டதாம், கையை எடுக்கவில்லை. "தப்புவாளோ?" என்று கேட்டேன்.

"அந்தச் சில பேரில ஒருத்தியா இருக்கலாம். சத்தியம் பண்ண மாட்டன். காயம் ஆறினவுடன கதிர் பிடிக்கவேணும். பிறகும் சொல்லுற நேரமெல்லாம் கூட்டிக்கொண்டு வரவேணும். வருவியளோ?"

"ஓம், வருவம்" என்றேன், மாமி வாய் திறக்குமுன்.

களத்தில் நெல் குறைந்துவிட்டதாம். என் வாய்தான் காரணமாம். கடைத்தெருவில் பாதை மாறிப் போகிறார்கள். போகட்டும், ராசன். நெல் அடுத்த போகத்திலும் விளையும்.

இதை எழுதுவது நீ கிடந்த அதே வாட்டில். மாமிக்கு மருந்துத் துண்டு வாசிக்கத் தெரியாது என்று துணைக்கு வந்தேன். தவம் கட்டுப் போட்ட கையோடு, வீட்டுக்குப் போனதும் உன் தடியைத் தரச்சொல்லிக் கேட்கிறாள். கொடுக்கவா?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இவளை ஒரு தவணையும் தவறாமல் நானே பஸ் ஏற்றிக் கூட்டி வருவேன். இனி எந்தப் பிள்ளையின் உடம்பில் நோகாத கட்டியைக் கண்டாலும், களமோ, கோயிலோ, கலியாண வீடோ, நின்ற இடத்தில் நின்று பெயரைச் சொல்வேன். அந்த நோய் திரும்பி வந்தால் அதன் முகத்துக்கு நேரேயும் சொல்வேன்.

"காணும் பிள்ளை, எழுதினது. லைட்டை நிப்பாட்டப் போறன்" என்கிறார் நர்ஸ் அக்கா. தவம் தூங்கிவிட்டாள், மூச்சுச் சீராக வருகிறது, இருமல் இல்லை. வாட்டின் லைட்டுகளை ஒவ்வொன்றாக அணைக்கிறார்கள்.

உன் வாய்க்காரி அக்கா,
சரசு