சத்தம் குறைத்துப் பார்த்த படம்

மச்சான்,

நேற்று மத்தியானம் போனைத் தட்டிக்கொண்டிருந்தபோது திரையில் நம்முடைய தொப்பிக்காரன் வந்து நின்றான். அதே கறுப்பு வெள்ளை, அதே நீளக் கோட்டு, உதட்டோரத்தில் அதே சுருட்டு. பெயர் தெரியாமலே இத்தனை வருடமாக நான் தேடிய படம். உடனே பார்க்க முடியவில்லை. எழுந்து கிணற்றடிக்குப் போனேன், வாவிக்கரை வரை நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடியும் நடந்தேன். "இருக்கிற இடத்தில இருக்க மாட்டீங்களா?" என்று மனைவி சத்தம் போட்டாள்.

அமிர்தகழியில் உன் வீடு றோட்டை ஒட்டி இருந்தது. ஊரடங்குப் பகல்களில் பின்வளவால் புகுந்து, நாலைந்து பேர் உன் வீடியோ டெக்கின் முன்னால் குந்துவோம். வெளியே துவக்குக்காரர் நடந்து திரிவார்கள். உள்ளே நாங்கள் துவக்குக்காரர் படம் பார்ப்போம். என்ன விசரோ எங்களுக்கு!

ஆங்கிலம் ஒருவருக்கும் விளங்காது. எல்லோருக்கும் குரல் நீதான். கோட்டுப் போட்ட சண்டியன் வாயைத் திறந்தால், "டேய் மனே, மறுகா இந்தப் பக்கம் வந்தியெண்டா காலை முறிப்பன்" என்பாய். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். உன் கை மட்டும் டீவியின் சத்தத் திருகியை விடாது. ஒருவன் கோட்டுக்குள் கை வைத்தால் போதும், சத்தத்தை அடியோடு குறைத்துவிடுவாய். வெடிச் சத்தம் றோட்டுக்குக் கேட்டால் வீட்டுக்குள் வந்துவிடுவார்களே. துவக்கு புகைக்கும், ஆள் விழுவான், திரையில் ஒரு சத்தமும் இராது. நீதான் மெதுவாக "டுப், டுப்" என்பாய்.

"ஊருக்குள்ள பாக்கிறது காணாதெண்டா இதையும் பாக்கிறாய்?" என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன்.

நீ திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இதுல ஆர் சுட்டது, என்னத்துக்குச் சுட்டது எண்டு கடைசில தெரியவரும் மச்சான். அதுக்குத்தான்."

தொப்பிக்காரன் படம் முடியுமுன் கரண்ட் போய்விட்டது. அவனைத் தேடி யாரோ படியேறிக்கொண்டிருந்த கட்டம். "மிச்சத்தப் பிறகு பாப்பம். நாளைக்கு வாகரைக்குப் போயிட்டு வெள்ளன வந்திருவன்" என்றாய்.

வாகரையில் உன் அக்கா வீட்டுக்கு நீ போய்ச் சேரவே இல்லை. உன் அம்மாவோடு கேட்காத இடமெல்லாம் போய்க் கேட்டேன். யார் பிடித்தது, எதற்குப் பிடித்தது, ஒருவரும் சொல்லவில்லை. இன்றைக்கும் உன் வயதுக்காரன் ஒருவன் பஸ்ஸால் இறங்கினால் திரும்பிப் பார்க்கிறேன். அதற்குப் பிறகு சண்டியர் படம் எது கிடைத்தாலும் விடுவதில்லை. எல்லாவற்றிலும் கடைசியில் தெரியவந்துவிடுகிறது. அது பிடித்திருக்கிறது, அதுவே ஆத்திரத்தையும் கிளப்புகிறது.

நேற்றுப் பின்னேரம் ஒருவழியாக மிச்சத்தைப் பார்த்தேன். கேள், சொல்லுகிறேன். படியேறி வந்தது அவனுடைய காரோட்டிதான். தன் தம்பியைத் தொப்பிக்காரன் கொன்றதற்காக வந்திருக்கிறான். முகத்துக்கு நேரே நின்று, காரணத்தைச் சொல்லி, அதற்குப் பிறகுதான் கோட்டுக்குள் கையை விடுகிறான். தொப்பிக்காரனின் வீட்டாரை நினைத்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

பக்கத்தில் இருந்து பார்த்த மனைவி கேட்டாள்: "ஏன் இந்த இடத்தில மட்டும் சத்தத்தக் குறைச்சிட்டீங்க? வெளியில ஆரும் இல்லையே."

குனிந்து பார்த்தேன். என் பெருவிரல் போனின் சத்தப் பொத்தானை அமத்திக்கொண்டிருந்தது. திரையில் தொப்பிக்காரன் விழுந்துகொண்டிருந்தான்.

"டுப், டுப்" என்றேன் மெதுவாக.