ரெண்டு லென்ஸா, மூணு லென்ஸா

வானியல் மேதை அவர்களுக்கு,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். ஐந்து மணிக்குத் தொலைநோக்கிக் கடைக்காரர் வருகிறார். ரெண்டு லென்ஸ் என்றால் நட்சத்திர ஓரத்தில் ஊதா அடிக்கும், மூணு என்றால் கனம் என்று எட்டு மாதமாக யோசிக்கிறீர்கள். போன தடவை மனுஷர் செருப்பு மாட்டும்போது அழுதேவிட்டார். இன்றாவது ஒன்றைச் சொல்லித் தொலையுங்கள்.

நட்சத்திரத்தோடு தானாகத் திரும்புமே, தொலைநோக்கிக்கென்று முன்கூட்டியே வாங்கிப் போட்ட அந்த மோட்டார் முக்காலி, அதில் உங்கள் பனியனைக் காயப்போட்டேன். நிறுத்தத் தெரியவில்லை. பனியன் இப்போது வானத்தைப் பின்தொடர்கிறது. பக்கத்து வீட்டில் கேட்டால் ஆராய்ச்சி என்று சொல்லிவிடுங்கள்.

"வெறும் கண்ணால் பார்ப்பதெல்லாம் பார்ப்பதே இல்லை" என்று போன வாரம் என் வாயை அடைத்தீர்களே, அந்தக் கோபத்தில்தான் சொல்லவில்லை. நீங்கள் காத்திருக்கும் வால்நட்சத்திரம் வந்துவிட்டது. நாலு நாளாகச் சாயங்காலம் துணி எடுக்கும்போது பார்க்கிறேன். இன்றைக்குத்தான் கடைசியாம். ஏழு மணிக்கு வேலை விட்டு நேராக மாடிக்கு வருவேன். நீங்கள் மாடிக் கதவைத் திறந்து வைத்தால்தான் இரண்டு பேருக்கும் தெரியும்.

பி.கு.: மாடிச் சாவி உங்கள் ஒப்பீட்டு நோட்டு, நான்காம் பாகத்துக்குள்.

இன்னொன்று: மூக்குக்கண்ணாடி போட்டுத்தான் பார்த்தேன். ரெண்டே லென்ஸ். ஊதா எதுவும் அடிக்கவில்லை.