தவளையின் புருவம்

மார்ச் 3
பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண்ணின் கையில் என் தவளை தொங்கிக்கொண்டிருந்தது. என் பெயின்டர் கடைப் பலகையில் குடை பிடித்து உட்கார்ந்திருக்கும் அதே தவளை, ஒரு பெரிய குடைக் கம்பெனியின் துணிப்பையில். எந்தத் தவளைக்காவது புருவம் உண்டா? என்னுடையதற்கு உண்டு, இடது புருவம் நடுவில் வெட்டுப்பட்டிருக்கும். படுபாவிகள் அந்த வெட்டைக்கூட விடவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை இழந்தது, இருந்தாலும் திருட்டுத் தெரியாதா எனக்கு?

மார்ச் 5
வக்கீலான அக்கா மகளிடம் போனேன்.
"கடைப் போர்டுக்குப் போட்ட படம். இதுக்கெல்லாம் உரிமை உண்டா?"
"எங்க இருந்தாலும் படம் படந்தான் மாமா. தவளை குடை பிடிக்கிற யோசனை யாருக்கும் சொந்தமில்ல. ஆனா எதையும் பாத்துப் போடாம நீங்களா வரைஞ்ச இந்தத் தவளை, வரைஞ்ச அன்னைக்கே உங்களோடது."
கம்பெனிக்கு நோட்டீஸ் போயிற்று. பையன்கள் நடுங்குவார்கள்.

மார்ச் 19
நடுங்கவில்லை. பதிலோடு ஒரு பத்திரிகைத் துண்டை வைத்திருக்கிறார்கள். ஆறு வருடம் முன் நான் கொடுத்த பேட்டி. 'இந்தத் தவளை என் முப்பாட்டனார் அரண்மனைச் சுவரில் தீட்டியது. இருநூறு வருடப் பழமை.' அவ்வளவு பழையதை யாரும் எடுத்துக்கொள்ளலாமாம். நிருபர் ஆசையாக எழுதிக்கொண்டிருந்தார், நான் எப்படி நிறுத்துவது? ராஜா யானை பரிசளித்ததையும் சொல்லித் தொலைத்திருக்கிறேன்.
"அந்த அரண்மனை எங்க மாமா?"
"அது... இடிஞ்சுபோச்சு."
"நம்ம கேஸும்."

மார்ச் 20
என் வாயே எனக்கு எதிர்க்கட்சி வக்கீல்.

மார்ச் 22
உண்மையைச் சொல்லிவிட்டேன். பதினொரு வருடம் முன், மழையில் பஸ் வராமல், என் குடையைப் பிடித்துக்கொண்டு கடைவாசலில் ஒருவர் உதட்டைப் பிதுக்கி உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரியாமல் கேலிக்கு வரைந்தேன். காலண்டர் தாளின் மறுபுறம். தேதியோடு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அலமாரிக் கதவு விழுந்து அவர் புருவம் கிழிந்ததும் அந்த மாதம்தான்.
"யாரு மாமா அது?"
"உங்கப்பா."
மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுதாளா, சிரித்தாளா?

மார்ச் 24
மச்சான் பையை வெகுநேரம் பார்த்தார். புருவத்தைத் தடவினார்.
"பதினொரு வருஷமா அந்தப் போர்டுக்குக் கீழதானேடா டீ குடிக்கிறேன்."
கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அக்காவும் போனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 16
கம்பெனி ஆட்கள் அக்கா மகளின் அலுவலகத்துக்கு வந்தார்கள். கடைப் பலகையையும் கழற்றிக் கொண்டுபோயிருந்தேன். காலண்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எவரும் வரைந்துவிட்டுப் பழைய தாள் என்று சொல்லலாமே என்றார்கள். அப்போது கதவைத் திறந்துகொண்டு மச்சான், இஸ்திரிச் சட்டையில், குடையோடு. யாரும் கூப்பிடவில்லை. பலகையின் பக்கத்தில் உட்கார்ந்தார், குடையை விரித்தார், உதட்டைப் பிதுக்கினார். அரண்மனைப் பேச்சு அத்தோடு நின்றது.

மே 2
கம்பெனி கையெழுத்துப் போட்டுவிட்டது. இனி பைகளில் தவளைக்குக் கீழே என் பெயர் இருக்கும். அதே நிருபர் போன் செய்தார்.
"நான்தான் வரைஞ்சேன். கடைவாசல்ல. பத்து நிமிஷம்."
"அதுக்கு முன்னாடி கதை ஏதாவது?"
"ஒண்ணும் கிடையாது."
மச்சான் போனைப் பிடுங்கினார். "எழுதிக்கோங்க தம்பி, மூணு நாள் அசையாம உக்காந்தேன்."
பல்லைக் கடித்துக்கொண்டு பிரஷ் கழுவப் போய்விட்டேன்.