இரண்டு பக்கமும் தெரியும் படம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வாரம் தவறாமல் போனில் பேசும்போது கடிதம் எதற்கென்று யோசிப்பீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். பட்டம் வாங்கிய அன்றுகூட உங்களிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராத பெண் நான். எழுதினால் தடுமாறாமல் சொல்லிவிடுவேன் என்று தோன்றியது.

மாடிக் குழாய் ஒழுகுவதைச் சரிசெய்தாகிவிட்டது. எனக்கு ஸ்டுடியோவில் வேலை அதிகம். எங்கள் முதலாளிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘கடைசி ஒண்ணு’. வெளியில் படமெடுக்கப் போனால் வெயில் தாழ்ந்த பிறகுதான் கேமராவையே பையிலிருந்து எடுப்பார். அப்புறம் “கடைசி ஒண்ணு, கடைசி ஒண்ணு” என்று இருட்டும்வரை ஆளை விடமாட்டார். முன்பெல்லாம் வெள்ளை அட்டையைப் பிடித்து முகத்தில் வெளிச்சத்தைத் திருப்பிவிடுவதுதான் என் வேலை. இப்போது என்னையே எடுக்கச் சொல்கிறார்.

அம்மாவின் படம் ஒன்று அனுப்பச் சொல்லி எத்தனை தடவை கேட்டுவிட்டீர்கள்! வீடியோவில் கூப்பிட்டால் போனில் கேமரா கெட்டுவிட்டது என்கிறாளே, நீங்கள் அதை நம்பியிருக்கமாட்டீர்கள். போனில் ஒரு கோளாறும் இல்லை. மழைக்காலத்தில் ஒருநாள் காலை அம்மாவுக்கு முகவாதம் வந்து இடது பக்கம் இழுத்துக்கொண்டது. பயப்படாதீர்கள், உயிருக்கு ஆபத்தில்லை. வைத்தியம் செய்து பெரும்பாலும் சரியாகிவிட்டது. அந்தக் கண் மட்டும் மெதுவாக மூடுகிறது, வாயோரம் தாழ்ந்திருக்கிறது. இதற்குமேல் சரியாகுமா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. “அந்த மனுஷன் அவ்ளோ உயரத்துல உக்காந்து கிரேன் ஓட்டறாரு, இதைச் சொல்லிக் கலங்க வைக்காதே” என்று அம்மா என் வாயை அடைத்துவிட்டாள். அவளுக்குப் பயம் கிரேனைப் பற்றி மட்டுமில்லை.

போன ஞாயிறு ஒருவழியாகச் சம்மதித்தாள். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டேன். ஸ்டுடியோவில் செய்வதுபோலக் குறையுள்ள பக்கத்தை நிழலுக்குத் திருப்பி நாலைந்து எடுத்தேன். அழகாகத்தான் வந்தன. அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, “மீதி மூஞ்சி எங்கடி? பாதிப் பொண்டாட்டியையா அனுப்பப் போறே?” என்றாள்.

நாற்காலியை மேற்கே பார்க்கத் திருப்பிப் போட்டேன். அதற்குள் சூரியன் இறங்கிவிட்டது. வெளிச்சம் குறைந்தால் ஷட்டர் நிதானமாகத்தான் மூடும். ஆள் அசைந்தால் படம் கலங்கிவிடும். அம்மா அசையவேயில்லை. “கடைசி ஒண்ணு” என்றேன், முதலாளி குரலிலேயே. சிரித்துவிட்டாள், கோணலாகத்தான். இதோடு வைத்திருப்பது அந்தப் படம்.

போனில் அனுப்பியிருக்கலாம். வேலைக்கு நடுவில் நகத்தளவில் பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டுவிடுவீர்களோ என்றுதான் அச்சிட்டு அனுப்புகிறேன். படமெடுக்க உட்காருகிறவர்கள் கேமராவைப் பார்ப்பதில்லை அப்பா, எடுப்பவர் கண்ணைத்தான் பார்க்கிறார்கள். அது ஒரு நொடி விலகினாலும் அவர்கள் முகம் வாடிவிடுகிறது. தினமும் பார்க்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தப் படத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பாருங்கள். கோபமோ அழுகையோ எல்லாம் இதனிடம் தீர்த்துக்கொள்ளுங்கள். முகம் உங்களுக்குப் பழகிய பிறகு அம்மாவை வீடியோவில் கூப்பிடுங்கள். இந்தத் தடவை எடுப்பாள். அப்போது மட்டும் கண்ணை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பிவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்