கிரவுன் ஆயிலில் கிடந்த துண்டு

ஆனி 12, புதன், இரவு.

காலையில் என் வீட்டுக்காரர் லாரியின் பின் ஆக்சிலில், சக்கரத்தைச் சுழற்றும் கிரவுன் பல்சக்கரத்துக்கு ஊற்றும் ஆயிலை மாற்றினார். கரையான் ஏறாமல் மாட்டுக் கொட்டகைக் கால்களுக்குப் பூசலாம் என்று பழைய ஆயிலை நான் வாங்கிக்கொண்டேன். துணியை முக்கினால் வெள்ளித்தூள் மாதிரி மினுங்கியது. அடியில் கிடந்த இரும்புத் துண்டு ஒன்று விரலைக் கீறிவிட்டது.

"ஏனுங்க, இது கிரவுன் பல்லு உடைஞ்ச துண்டுங்க."

"தேய்மானத் தூளு புள்ள. நீ எப்ப மெக்கானிக் ஆன?"

நாளைக்குப் பலாப்பழ லோடு. மலையில் எழுபது வளைவு இறங்கணும். நடுவில் சக்கரம் இறுகினால் என்ன ஆகும்? எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில், "மாரியம்மங்கிட்டப் பூ கேப்போம். வெள்ளை வந்தா போறேன், செவப்பு வந்தா வண்டிய எடுக்கல" என்றார்.

பொட்டலம் கட்டியது நான்தான். ஒன்றில் வெள்ளரளி, ஒன்றில் செவ்வரளி வைக்கணும். இரண்டிலும் செவ்வரளியையே வைத்தேன்.

கோயிலில் அம்மன் முன்னால் இரண்டையும் வைத்து, அவர் கும்பிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா காப்பாத்திட்டா புள்ள" என்றார். அங்கேயே நின்று மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை விடாமல் அவளுக்கு விளக்குப் போடுகிறவள் நான். இன்றைக்கு அவளைப் பேசவே விடவில்லை. போகச் சொல்லியிருப்பாளோ? வேண்டாம் என்றுதான் சொல்ல இருந்தாள் என்றால், நான் ஏன் அவளை நம்பவில்லை?

விரல் எரிகிறது. வைக்காத வெள்ளரளி முந்தானை முடிச்சில் வாடிக் கிடக்கிறது. நாளை மறுநாள் ஆத்தாளுக்குப் பொங்கல் வைக்கணும் என்கிறார். என் கையால்தான் வைக்கணுமாம்.