கம்பி நெளியவில்லை

ஜூன் 8

மருமகளுக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், இருந்துவிட்டுப் போ.

போன வருஷம் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று போனை வைத்தாயே, அது எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் மடித்து வைத்தாலும் மீதி அதற்குள்ளேயே இருக்கும். நீ போன அன்று சமையலறை ஜன்னலின் திரைச்சீலையைக் கூடக் கழற்றிக்கொண்டு போனாய். இன்றைக்கும் அடுப்படியில் நின்றால் வெயில் என் மூஞ்சியில்தான் அடிக்கிறது. அதுவும் மறக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பாப்பாவின் சனிக்கிழமைப் பாடத்தைப் பற்றித்தான்.

என் பிள்ளை இப்போது வெளியே எங்கும் வாசிக்கப் போவதில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து வீடியோ காலில் பேஸ் கிட்டார் சொல்லிக் கொடுக்கிறான். சத்தம் முட்டித் திரும்பக் கூடாது என்று சுவரில் ஒரு மெத்தையைச் சாய்த்து வைத்திருக்கிறான். உங்கள் இரண்டு பேரின் மெத்தைதான். ஒரு பல் டாக்டர் இவனிடம் கற்றுக்கொள்கிறார், ஒரு டாக்சி ஓட்டுகிற பையனும் கற்றுக்கொள்கிறான். டாக்டரோடு பேசினால் ஒரே சிரிப்பு. பெற்ற மகள் பாப்பா வந்தால் மட்டும் இவன் வாய் ஒட்டிக்கொள்கிறது. "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்பான், வாசிக்க ஆரம்பிப்பான். அவ்வளவுதான்.

இங்கே தட்டுகிற சத்தம் அங்கே கொஞ்சம் பிந்தித்தான் போகிறதாம். இரண்டு பேர் சத்தமும் வந்தால் தாளம் கெட்டுப்போகும். அதனால் மாணவர்களை மியூட் செய்துவிட்டு இவன் வாசிப்பான். இவனைக் கேட்டுக்கொண்டே அவர்கள் அங்கே கூடவே வாசிப்பார்கள். அவர்கள் வாசிப்பது இவன் காதில் விழாது. விரலைப் பார்த்தே சரி, தப்பு சொல்லுவான்.

நான் பின்னால் துணி மடித்துக்கொண்டு பார்ப்பேன். தடிக் கம்பியைத் தட்டினால் வீடியோவில் அது பாம்புக்குட்டி மாதிரி நெளியும். டாக்டருக்கு நெளிகிறது, டாக்சிக்காரனுக்கும் நெளிகிறது. நம் பாப்பாவின் கம்பி மட்டும் துணி காயப்போடுகிற கொடி மாதிரி அப்படியே நிற்கிறது. என்ன ஏது என்று அவளைக் கேள்.

இப்படிக்கு,
உன் மாமியார்


ஜூன் 17

அன்புள்ள அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது என்பதைப் பதினோரு வருஷம் உங்களோடு இருந்து தெரிந்துகொண்டவள் நான்.

பாப்பாவைக் கேட்டேன். "மியூட் பண்ணிட்டுத்தானேம்மா வாசிக்கிறாரு. கேக்கவா போகுது?" என்றாள். எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டதற்கு, "ரொம்ப நாளா" என்றாள். கம்பியைத் தட்டாமல் விரலை மட்டும் சரியான இடத்தில் வைத்து எடுக்கிறாளாம். பாடம் முடிந்ததும் அவரும் "நல்லா இருந்துச்சு" என்கிறாராம்.

பிறகு அவள் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அப்பா என் கையத்தாம்மா பாக்குறாரு. என் மூஞ்சியப் பாக்கறதே இல்ல. நான் முடி வெட்டினது அவருக்குத் தெரியுமான்னு கேட்டுச் சொல்லு."

அத்தை, உங்கள் பிள்ளை கெட்டவர் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் பேசுவேன், அவர் தலையாட்டுவார். அதுதான் எங்கள் குடும்பம். அந்தத் தலையாட்டலுக்கு முன்னால் இவளும் உட்கார்ந்து வளர வேண்டாம். பாடத்தை நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன். அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீங்களே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


ஜூன் 25

மருமகளுக்கு,

நல்ல வேலை கொடுத்தாய் எனக்கு. கல்யாணம் செய்துகொண்டபோது யார் யாரையோ கேட்டீர்கள். முடித்து வைக்க மட்டும் நானா?

நிறுத்துவதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. கம்பியைப் பற்றித்தான் கேட்டேன். அவன் வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பாப்பா சும்மா விரலை ஆட்டுறாடா, தெரியுமா?"

"கம்பி ஆடலன்னா தெரியாதாம்மா எனக்கு?"

"அப்புறம் எதுக்குடா நல்லா இருந்துச்சுங்கற?"

"வேற என்னம்மா சொல்ல?"

"மியூட்டை எடுத்துட்டு, ஏண்டி வாசிக்கலன்னு கேளேன். பெத்த அப்பன்தானே நீ?"

அவன் துடைப்பதை நிறுத்தினான். "எடுத்தா, போதும்ப்பான்னு சொல்லிடுவாம்மா. அது மியூட்லயே இருக்கட்டும்" என்றான்.

இவன் சின்ன வயசிலிருந்தே இப்படித்தான். எது வலித்தாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். கேட்டதை உனக்கு நான் சொல்லிவிட்டேன், இனி உன் பாடு. அவள் முடி வெட்டியது அவனுக்குத் தெரியும். "கழுத்து தெரியுதும்மா, உன்னை மாதிரியே இருக்கா" என்று அப்போதே என்னிடம் சொன்னான். அதை அவளிடம் சொல்லாமல் என்னிடம் வந்து சொல்கிற மடையனைத்தான் நான் பெற்றிருக்கிறேன்.

வருகிற சனிக்கிழமை மியூட்டை எடுத்துப் பேசச் சொல்லியிருக்கிறேன். மாட்டேன் என்றான். விடாமல் திட்டினேன், சரி என்றான். பாப்பாவை ஒரே ஒரு பாட்டு நிஜமாகவே வாசிக்கச் சொல். அதற்குப் பிறகு நீ நிறுத்து, நான் குறுக்கே வரவில்லை.

அத்தை


ஜூலை 1

அன்புள்ள அத்தைக்கு,

சனிக்கிழமை நடந்ததை அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். நான் பக்கத்து அறையில் இருந்தேன்.

அவர் மியூட்டை எடுத்தார். "சாப்பிட்டியா?" என்றார். "ம்" என்றாள். "முடி நல்லா இருக்கு" என்றார். அவள் வெட்டி எத்தனையோ மாதம் ஆயிற்று, அத்தை. மறுபடி வளர்ந்தும் விட்டது. அவள் அழ ஆரம்பித்தாள். "போதும்ப்பா. இனிமே வேண்டாம்ப்பா" என்றாள்.

அவர் ஏதாவது சொல்வார், ஏன் என்றாவது கேட்பார் என்று நான் கதவோரமே நின்றேன். "சரிம்மா. கம்பியைத் துடைச்சு வை" என்றார். அத்தோடு முடிந்தது.

கிட்டாரைக் கூரியரில் அனுப்புகிறேன். அது கண்ணில் படும்போதெல்லாம் அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். கொஞ்ச காலம் கடிதம் வேண்டாம், அத்தை. உங்கள் கையெழுத்தைக் கண்டாலே அவள் முகம் மாறிவிடுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருமகள்


ஜூலை 20

வேண்டாம் என்றாய். இது ஒன்றுதான், கடைசி.

பெட்டி வந்தது. அவன்தான் பிரித்தான். அடிபடாமல் இருக்க வாத்தியத்தைச் சுற்றி என் சமையலறைத் திரைச்சீலையைக் கட்டி அனுப்பியிருக்கிறாய். துவைத்து, இஸ்திரி போட்டு.

பாப்பா பிறந்தநாளுக்கு அவன் அனுப்பிய புதுக் கம்பிகள் கடையில் இருந்த பளபளப்போடு அப்படியே இருக்கின்றன. விரல் வியர்வை பட்டால் மங்கிவிடுமாம். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் துணியை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்து, மெத்தை ஓரமாகச் சாய்த்து வைத்தான்.

சனிக்கிழமை அதே நேரத்துக்கு லேப்டாப்பைத் திறந்து உட்காருகிறான். அந்தப் பக்கம் ஆள் வராவிட்டால் இவன் மூஞ்சியே இவனுக்குத் தெரிகிறது. "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்கிறான். வாசிக்கிறான். எனக்குக் காதில் கேட்பதை விடக் காலில்தான் தெரிகிறது, தரை அதிர்கிறது. முடிந்ததும் "நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு மூடுகிறான். டாக்டருக்கும் டாக்சிக்காரனுக்கும் இனி பாடம் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

திரைச்சீலையை நான் மாட்டவில்லை. வெயில் அடிக்கட்டும். அது உன்னிடம் இருந்தவரை உன்னைத் திட்டி எழுத எனக்கு ஒரு காரணம் இருந்தது. என்னுடையது இன்னும் என்ன உன்னிடம் இருக்கிறது என்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். பாப்பாவைத் தவிர ஒன்றும் இல்லை. அதைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் இல்லை.

இப்படிக்கு,
பாப்பாவின் பாட்டி